போலீஸ் எவ்வளவு வரைக்கும் கை வைக்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு மூணு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். ஆனா திண்டுக்கல்ல இருந்து ஒரு நண்பர் கேட்டது ரெண்டு நாளா மண்டையைக் குடையுது. அதை முதல்ல பேசிடுவோம். "ஐயா, ஒருத்தனை அரெஸ்ட் பண்ணும்போது போலீஸ் அடிக்கலாமா? எவ்வளவு அடிக்கலாம்? ரெண்டு தட்டு தட்டாம எந்தத் திருடன் உண்மையைச் சொல்லப் போறான்?" ஒரே மூச்சுல ரெண்டு கேள்வி, பாத்தீங்களா? முதல் கேள்விக்கு சட்டத்துல பதில் இருக்கு. ரெண்டாவதுதான் என்னைத் தூங்க விடல.

முதல்ல சட்டம். அரெஸ்ட் எப்படிப் பண்ணணும்னு சொல்றது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.ல 46வது பிரிவு; 2024 ஜூலையிலிருந்து அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 43வது பிரிவு. "வாய்யா ஸ்டேஷனுக்கு"ன்னதும் நீங்க கிளம்பிட்டா, உங்க மேல விரல் பட வேண்டிய அவசியமே இல்ல. வரலைன்னா தொட்டுப் பிடிக்கலாம். திமிறுனா, ஓடப் பாத்தா, பிடிக்கறதுக்குத் தேவையான எல்லாம் செய்யலாம். இந்த 'எல்லாம்'ங்கற வார்த்தையை மட்டும் பிடிச்சுத் தொங்கறவங்க நிறைய. அதே பிரிவுல கீழ இருக்கறதை வாசிக்க மாட்டாங்க. தூக்கு, இல்ல ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லைன்னா, பிடிக்கற சாக்குல உயிரை எடுக்க அதிகாரம் கிடையாது. கொஞ்சம் தள்ளி, புதுச் சட்டத்தோட 46ல, தப்பிச்சு ஓடாம இருக்க எவ்வளவு தேவையோ அதுக்கு மேல கட்டுப்படுத்தக் கூடாதுன்னு தனியாவே போட்டிருக்கு.

இங்க நம்ம கண்டக்டர் வந்துடறாரு. பழைய ஆட்கள் சிரிக்காதீங்க, புதுசா வந்தவங்களுக்காகத் திரும்பச் சொல்றேன். டவுன் பஸ்ல ஒருத்தன் குடிச்சுட்டு ரகளை பண்றான். கண்டக்டர் விசில் அடிச்சு நிறுத்தி, அவன் தோளைப் பிடிச்சு இறக்கி விடறாரு. அவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா, விரலைப் பிரிச்சு இறக்கி விடறாரு. சரி. ஆனா அவன் ரோட்டுல நின்னப்புறம் இவரும் கீழ குதிச்சு ரெண்டு உதை விட்டா? அந்த உதை எதுக்கு? பஸ்ஸுதான் காலியாயிடுச்சே! வேலை முடிஞ்சப்புறம் விழற அடி தண்டனை. தண்டனை குடுக்கறதுக்கு கோர்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கோம்.

தடியடிக்கும் இதே கணக்குதான். எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாதவர் கலையச் சொல்லணும். கலையலைன்னாத்தான் பலம். லத்தி விழறது சதைப்பிடிப்பான இடத்துல இருக்கணும், முடிஞ்சவரை தலையும் காறை எலும்பும் தப்பணும்னு போலீஸுக்கே மாதிரி விதிகள் இருக்கு. கூட்டம் கலைஞ்சதும் நிறுத்தணும். சந்துக்குள்ள ஓடினவனை வீட்டுத் திண்ணை வரைக்கும் துரத்திப் போய் அடிச்சா? கண்டக்டர் கீழ இறங்கிட்டாருன்னு அர்த்தம்.

சரி, அந்த ரெண்டாவது கேள்வி. 'ரெண்டு தட்டு.' நம்ம ஊர்ல இதுக்கு எத்தனை பெயர் பாருங்க! கவனிச்சாங்க, விசாரிக்கற விதத்துல விசாரிச்சாங்க, லாடம் கட்டினாங்க. அப்புறம் நம்ம மாவுக்கட்டு. அது எப்படி எல்லாருமே பாத்ரூம்லயே வழுக்கி விழறாங்க? 2020ல சாத்தான்குளத்துல ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும் செத்தாங்க. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானா அழியற மாதிரி வச்சிருந்ததா ஹைகோர்ட்டுக்கு அறிக்கை குடுத்தாரு. அதே வருஷம் டிசம்பர்ல, ஒரு பஞ்சாப் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது: லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் ரூம், எல்லா இடத்துலயும் கேமரா வேணும், 18 மாசப் பதிவு நிக்கணும். பாத்ரூமுக்கு வெளிய வைக்கணும், உள்ள கூடாது. நியாயம்தான், மானம்னு ஒண்ணு இருக்குல்ல. ஆனா வழுக்கற இடம் மட்டும் மிச்சமாயிடுச்சு.

நண்பரே, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. அடிச்சு வாங்குற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு 1872லயே சாட்சியச் சட்டம் சொல்லிடுச்சு. செல்லாததை ஏன் இன்னும் அடிச்சு வாங்கறாங்க? இதைக் கேளுங்க!

இதுல நம்ம மெட்ராஸுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1854ல மெட்ராஸ் மாகாணத்துல சித்திரவதை நடக்குதான்னு பாக்க ஒரு கமிஷன் போட்டாங்க, 1855ல அறிக்கை வந்துச்சு. அந்த அறிக்கையில 'கிட்டி', 'அண்ணாந்தாள்' ரெண்டு தமிழ் வார்த்தையும் அப்படியே இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. கிட்டின்னா எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி ரெண்டு கட்டை, நடுவுல விரல். அண்ணாந்தாள்னா ஆளைக் குனிய வச்சு, கழுத்துக்கும் கால் விரலுக்குமா கயிறு போட்டுக் கட்டிடறது. கயிறு இல்லைன்னா அவன் துணியே போதும். நிறைய கேஸ் திருட்டு கூட இல்ல, வரி பாக்கி. அந்தச் சாட்சியச் சட்டத்தை எழுதின ஸ்டீஃபன், ஒரு அதிகாரி தன்கிட்ட சொன்னதைப் பின்னாடி பதிவு பண்ணாரு: வெயில்ல அலைஞ்சு சாட்சி தேடறதை விட, நிழல்ல உக்காந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணுல மிளகாய்ப்பொடி தேய்க்கறது சொகுசு. கோபம்கூட இல்லைங்க அதுல, சோம்பேறித்தனம்!

இன்னொரு காரணமும் உண்டு. அதே சட்டத்துல 27வது பிரிவு, இப்ப புதுச் சாட்சியச் சட்டத்துல 23க்குள்ள போயிடுச்சு. வாக்குமூலம் செல்லாது, ஆனா அவன் சொல்லி நகை கிடைச்சா, நகையைக் காட்டிக் குடுத்த அந்த வார்த்தை மட்டும் செல்லும். முன் கதவைப் பூட்டிட்டுப் புழக்கடையைத் திறந்து வச்சாச்சு. அதனால அடி 'ஒத்துக்கோ'ன்னு விழறதை விட 'எங்க வச்சிருக்கே'ன்னுதான் அதிகம் விழும். வாக்குமூலத்துக்கோ பொருளுக்கோ, அடிச்சா ஏழு வருஷம் வரை ஜெயில், கொடுங்காயம்னா பத்து வருஷம் வரைன்னு புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ல 120வது பிரிவு இருக்கு. இருக்கு.

ஒரு தடவை ராத்திரி பதினொரு மணி, ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசல். நானும் நிக்கறேன். பையனுக்கு இடது கையில மாவுக்கட்டு, இன்னும் ஈரம் காயல. "கையில என்னப்பா?" "வழுக்கி விழுந்துட்டேங்கய்யா." சொல்லும்போது அவன் பார்வை மாஜிஸ்திரேட் அம்மா மேல இல்ல, பக்கத்துல நின்ன ஏட்டையா பூட்ஸ் மேல. அந்த அம்மா ஒண்ணும் சொல்லல. "பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?" பையன் முழிக்கறான். "குழாய் எந்தப் பக்கம்?" பதில் இல்ல. போலீஸ்காரங்களை கேட்டுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டு, திரும்ப முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிச்சாங்க. டைப்பிஸ்ட் கிடையாது, அவங்க கையாலேயே ரெண்டு பக்கம் எழுதினாங்க. அந்த பையன் நிஜமாவே செயின் அறுத்தவன்தான், அதுவும் சொல்லிடறேன்.

அதனால உங்க வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போனா, 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியாகணும். அங்க "அடிச்சாங்களா?"ன்னு கேக்கும்போது வாயைத் திறக்கச் சொல்லுங்க. டாக்டர் பாக்கும்போதும் காயத்தைக் காட்டச் சொல்லுங்க, சட்டையைக் கழட்டியே காட்டட்டும்.

அடுத்தது ஈரோட்ல இருந்து ஒரு அம்மா, பட்டா மாறுதல் பத்தி. ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சுக்கறேன்.