சோம்புத் தட்டில் ஒரு பத்து ரூபாய்

(சேலத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் என்னை ‘ஓட்டல் அதிபர்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசிபாளையத்தில் முப்பத்தாறு பேர் உட்காரும் மெஸ் அது, அதிபர் என்கிற சொல்லை அந்தக் கட்டடம் தாங்காது. அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் சப்ளையராக இருந்தேன். சாம்பார் வாளி பிடித்த கை என்பதால்தான் ‘டிப்ஸா, சம்பளமா’ என்ற தலைப்பை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் பழைய சேக்காளி ஒருவரைப் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவர், இன்னும் சப்ளையர்தான். “எப்படிண்ணா போகுது?” என்றேன். “கியூஆர் ஒட்டுனதுல இருந்து தட்டுல சோம்பு மட்டும்தான் இருக்கு” என்றார்.

இந்தச் சோம்புத் தட்டைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன். பில் 130 ரூபாய், நீங்கள் 200 கொடுக்கிறீர்கள். கல்லாவில் போய் ஒரு ஐம்பதும் ஒரு இருபதும் வாங்கி வருகிறவன் தொழில் தெரியாதவன். ஐம்பது ஒன்று, பத்து இரண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் கசங்கின பத்தைச் சோம்புக்குள் பாதி புதைகிற மாதிரி வைக்க வேண்டும். அதை எடுத்தால் சோம்பும் சர்க்கரையும் விரலில் ஒட்டும். கை கழுவிவிட்டு வந்த மனுஷன், போகட்டும் என்று விட்டுவிடுவார். இப்படி வந்த பத்துகளில்தான் என் மகளுக்கு நான்கு வருஷம் ஸ்கூல் வேன் காசு கட்டினேன்.

இப்போது 130 என்றால் போனில் 130. கல்லாவில் டிங் என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. நண்பருக்குச் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, வருமானம் மட்டும் குறைந்துவிட்டது. முதலாளியிடம் போய் நின்றால், “நான் எதையும் குறைக்கலையேப்பா” என்கிறார். பொய் கிடையாது. அவர் கொடுக்க வேண்டியதை இத்தனை வருஷம் வந்து போகிறவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. கடைக்காரன் கடையைச் சாத்தியதும் பிள்ளையார் பட்டினி.

இதை நான் முதலில் படித்துக்கொண்டது ஏற்காட்டில். 1993-இல் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜில் ரூம் பாயாகச் சேர்ந்தேன். சேரும்போது மேனேஜர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: “மாசம் முந்நூறு, சாப்பாடு, படுக்க இடம். மீதியை நீயே சீசன்ல சம்பாதிச்சுக்க.” ஏப்ரல், மே வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டியாக நிற்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு கையிலும் வெந்நீர் வாளியோடு மூன்று மாடி ஏறுவேன். கதவைத் தட்டி, வாளியை வைத்து, ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் நிற்பதற்குப் பழகத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் கோடை விழா முடிந்து, மலையில் மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டது. ஆகஸ்டில் நாற்பது ரூமில் மூன்று ரூமுக்கு ஆள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆறு பேர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கடை பாக்கிக்கு சீசன் தெரியுமா?

கீழே விறகு தள்ளி அந்த வெந்நீரைக் காய்ச்சிய பெரியவருக்கு ஒருநாளும் டிப்ஸ் கிடைத்ததில்லை. அவர் முகமே விருந்தாளிகளுக்குத் தெரியாது. அந்த லாட்ஜில் காபி பிரமாதம் என்பார்கள், கொண்டுபோய் வைத்த எனக்கு ஐந்து ரூபாய் கிடைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் மார்கழிக் குளிரில் அந்தக் காபிப் பழத்தைப் பறித்த பெண்களுக்கு யார் டிப்ஸ் வைத்தார்கள்? அவர்களுக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலேயே வந்துவிட்டது, அரசு நிர்ணயித்த கூலியும் இருந்தது. அது ஒழுங்காகக் கைக்கு வந்ததா என்பதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். கண்ணில் படுகிற கைக்கு மட்டும்தான் டிப்ஸ் போகிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

டிப்ஸ் இருந்தால்தான் கவனிப்பு நன்றாக இருக்கும் என்று இங்கேயே சிலர் நினைப்பீர்கள். யாருக்கு நன்றாக இருக்கும் என்று சொல்கிறேன். நாங்கள் முகத்தைப் பார்க்க மாட்டோம், செருப்பைப் பார்ப்போம். ஒருமுறை வாழப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையோடு வந்து உட்கார்ந்தார், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். ரசத்துக்கு இரண்டு முறை கை தூக்கினார். நான் பக்கத்து டேபிளில் ஷூ போட்டவருக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அவர் கை தூக்கவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். என் முதலாளி கெட்டவர், சம்பளம் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் ரசம் ஊற்றாதது நான்தான்.

பெண்கள் பரிமாறுகிற இடங்களில் இது இன்னும் மோசம். காசு கொடுக்கிற கை சிலசமயம் விரலையும் சேர்த்துப் பிடிக்கும். உதறினால் காசு போச்சு.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குகிற வேலையாக இருந்தால் முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வர வேண்டும். வராவிட்டால்தான் முதலாளி நிரப்புவார். அந்த 2.13 என்பது 1991-இல் வைத்தது, இன்னும் அசையவில்லை. சில மாநிலங்கள் மட்டும் அதை ஒதுக்கிவிட்டு முழுக் கூலி கொடுக்கச் சொல்கின்றன. அந்தப் பழக்கம் அங்கே வேர்விட்ட கதையில் ரயில் ஒன்று இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த கையோடு, புல்மேன் என்கிற படுக்கைப் பெட்டிக் கம்பெனி விடுதலையான கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. கூலி சொற்பம், மீதிக்குப் பயணிகளின் கையைப் பார்க்க வேண்டும். முதலாளி பெயர் ஜார்ஜ் புல்மேன் என்பதால், பயணிகள் அத்தனை ஊழியரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937-இல் ஒப்பந்தம் போட்டார்கள். கூலி உயர்ந்தது, மாதம் 400 மணி நேர வேலை 240 ஆனது.

ஜார்ஜ் என்றால் சிரிப்பு வருகிறது. நம் ஊரில் ஐம்பத்திரண்டு வயதில் பேரன் எடுத்தவரையும் ‘ரூம் பாய்’ என்றுதானே சொல்கிறோம்? நம் சேலத்தில் 1944 ஆகஸ்டில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. சர், ராவ் பகதூர் என்று வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அதே மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். மேலே இருக்கிறவர்களின் பட்டம் போய்விட்டது. ‘பாய்’ என்கிற பட்டம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் டிப்ஸ் சம்பளம் ஆகாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வருமான வரி வழக்கில், அது வாடிக்கையாளர் தன் விருப்பத்தில் கொடுப்பது, முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று சொன்னது. சரியான தீர்ப்பு. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: பிஎஃப் பிடிக்கும்போது அந்தப் பணம் கணக்கில் இல்லை, போனஸ் போடும்போது இல்லை, காய்ச்சலில் படுத்த நாளில் இல்லை. பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போடுகிற பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டியை சர்வீஸ் சார்ஜ் என்று நினைத்து, ‘அதான் பில்லுலயே புடிச்சுட்டாங்களே’ என்று போகிறவர்களும் உண்டு. ஜிஎஸ்டி சர்க்காருக்குப் போகிறது சாமி, சப்ளையருக்குப் போவதில்லை.

சரி, உன் கடையில் என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். கணக்கைச் சொல்கிறேன். என்னிடம் ஒன்பது பேர். ஆளுக்குத் தினம் 80 ரூபாய் கூட்டினால் 720. ஒரு நாளைக்கு 360 சாப்பாடு போகிறது. ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு ரூபாய்தான் வருகிறது! இந்த இரண்டு ரூபாய்க்காகவா பதினான்கு வருஷம் சோம்பில் நோட்டைப் புதைத்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் 90 ரூபாய்ச் சாப்பாட்டை 92 ஆக்கினால் சில்லறைக்கு எங்கே போவது? 95 ஆக்கினேன். ஆளுக்கு 120 கூட்டிக் கொடுத்தேன். மீதி கேஸ் சிலிண்டருக்குப் போனது, அதையும் மறைக்கவில்லை.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. இரண்டாம் மாதமே என்னுடைய முதல்தர சப்ளையர் போய்விட்டார். “அண்ணா, பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கும் எனக்கும் ஒரே உயர்வா? டிப்ஸ் இருக்கற கடையில நான் இதைவிட ஜாஸ்தி பார்ப்பேன்” என்றார். அவர் கணக்கு தப்பில்லை. நியூயார்க்கில் டேனி மேயர் என்பவர் 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை எடுத்துவிட்டு விலையைக் கூட்டினார், 2020-இல் பழையபடி டிப்ஸுக்கே திரும்பினார். ஒரு கடை மட்டும் மாறினால் நல்ல ஆள் அடுத்த கடைக்குப் போவார், சாப்பிட வருகிறவரும் 90 ரூபாய்க் கடைக்குப் போவார். அதனால்தான் இதை முதலாளியின் நல்ல மனசுக்கு விடாமல், குறைந்தபட்சக் கூலியை எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி உயர்த்தி, வந்து சோதிக்கவும் ஆள் வேண்டும் என்கிறேன். முதலாளியாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன் என்று என் சங்கத்தில் சிலருக்கு வருத்தம்.

அதுவரை டிப்ஸ் வைப்பதா வேண்டாமா? வையுங்கள். கல்லாவில் இருக்கிற கியூஆரில் கூடப் போட்டால் அது முதலாளி அக்கவுண்டுக்குப் போகும், கையில் கொடுங்கள்.

என் மெஸ்ஸில் சோம்புத் தட்டை எடுத்துவிட்டேன், சோம்பு இப்போது கல்லா பக்கத்தில் டப்பாவில் இருக்கிறது. இருந்தும் பழக்கம் விடாமல் சிலர் டம்ளருக்கு அடியில் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போகிறார்கள். டேபிள் துடைக்கிற அக்காதான் அந்த டம்ளரை முதலில் தூக்குகிறார். “எனக்குத்தான் வெச்சாங்க” என்கிறார் சப்ளையர் தம்பி. “எச்சில் எடுக்கறது நானு, இதை மட்டும் நீ எடுத்துக்குவியா?” என்கிறார் அக்கா. போன வியாழக்கிழமை இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். நாளைக் காலையில் கடை திறக்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். உங்களில் யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போங்கள்.