நீர்த்தெள்ளு: காய்ந்த குளத்தின் விதைநெல்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரு பூச்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பூச்சி என்று சொன்னதே தப்புதான், ஆனால் ஊரில் நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தெருவுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அதைக் குளம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தரை வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும், ஆடு மேயும், பையன்கள் நடுவில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, பாமணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாக நுழைந்து எங்கள் குளத்தை எட்டுவதற்குள், ஜூன் 12ஆம் தேதி மதகு திறந்த போட்டோ வந்த பேப்பரில் வீட்டில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு வருஷம் அப்படித் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகியிருக்கும். படித்துறையில் நின்ற பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் குடத்தைக் காட்டினார். தண்ணீருக்குள் தூசி தூசியாக என்னவோ இருக்கிறது, அந்தத் தூசி குதிக்கிறது. "ஏன் வாத்தியாரே, போன மாசம் ஆடு மேஞ்ச இடமாச்சே, இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். ஆற்றுத் தண்ணீரோடு வந்திருக்கும் பெரியம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பாதிதான் சரி. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திச் சம்பளம் வாங்கியவன் பாதி பதில் சொல்லிவிட்டு வந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மீதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தூசிக்குப் பெயர் நீர்த்தெள்ளு. நாய் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி மாதிரி குதிப்பதால் அந்தப் பெயர், மற்றபடி இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. இது பூச்சி இனமே இல்லை; இறால், நண்டு இருக்கிற ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் டாஃப்னியா என்று படித்திருப்பீர்கள். நம் பக்கத்துக் குளங்களில் அதைவிடச் சின்னதான மொய்னாதான் மந்தை மந்தையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் வந்தாலே பெரிது, ரவையில் பொடி ரவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடித் தகட்டில் வைத்துப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விட்டு எழுந்திருக்க மனசு வராது. உடம்பே கண்ணாடி. தலையில் ஒரே ஒரு கறுப்புக் கண், அது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் கிளை விட்ட பெரிய உணர்கொம்புகள், அதைத் துடுப்பு மாதிரி அடித்துத்தான் குதிப்பது. உள்ளே வளைந்து போகிற குடல் பாசியைத் தின்றிருந்தால் பச்சை நூல் மாதிரி தெரியும். முதுகுப் பக்கம் இதயம், நிமிஷத்துக்கு 200 தடவைக்குக் குறையாமல் துடிக்கும், எண்ண முயன்ற பிள்ளைகள் எல்லாம் பாதியில் விட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே முதுகிலேயே ஒரு பை. அந்தப் பைக்குள் குட்டிகள், அவற்றுக்கும் குட்டிக் கறுப்புக் கண், புரண்டுகொண்டிருக்கும். ஒரு மாணவி பார்த்துவிட்டு "சார், இது வளைகாப்பு முடிஞ்சது" என்றாள். வகுப்பே சிரித்தது.

இப்படி உள்ளே இருப்பது வெளியே தெரிவதால் மருத்துவத்துக்கே ஒரு லாபம் கிடைத்தது. 1884இல் மெச்னிகாவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, ஒருவகைப் பூஞ்சை நீர்த்தெள்ளின் உடம்புக்குள் ஊசி மாதிரி நுழைவதையும், அதன் ரத்த அணுக்கள் ஓடி வந்து அந்த ஊசிகளைச் சூழ்ந்து விழுங்குவதையும் உயிரோடு இருக்கும்போதே பார்த்து எழுதினார். நம் உடம்பில் வெள்ளை அணு கிருமியைத் தின்கிறது என்று இப்போது சின்னப் பிள்ளையும் சொல்கிறதே, அந்தக் கருத்து நிலைபெற்றதில் இந்தத் தூசிக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு 1908இல் நோபல் பரிசு வந்தது.

சரி, குளத்துக்கு வருவோம். தண்ணீரும் பாசியும் நன்றாக இருக்கும் காலத்தில் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண் தேவையில்லை. தாய் தன்னைப் போலவே பெண் குட்டிகளைப் போடும். நம்மூர் வெப்பத்தில் மொய்னா பிறந்த நாலைந்து நாளில் தானே தாயாகிவிடும், அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை தோல் கழற்றிக் கழற்றி அடுத்த ஈடு குட்டிகளை விடும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்குதான் இது. பத்து நாளில் பெரியம்மாவின் குடம் நிறைந்ததில் ஆச்சரியமில்லை.

தண்ணீர் வற்ற ஆரம்பித்து, தீனி குறைந்து, நெரிசல் கூடும்போதுதான் விஷயம் மாறுகிறது. அப்போது ஆண் குட்டிகள் பிறக்கும். ஆணும் பெண்ணும் கூடி உண்டாகிற முட்டை வேறு மாதிரி. முதுகுப் பையின் சுவரே தடித்துக் கறுத்துச் சேணம் மாதிரி ஒரு பெட்டியாகி, அதற்குள் ஒன்றோ இரண்டோ முட்டை. தோல் கழற்றும்போது பெட்டி தனியாகக் கழன்று சேற்றில் விழும். தாய் செத்துப்போகும், குளம் காயும், வெயில் அடிக்கும், ஆடு மிதிக்கும், பையன்கள் சிக்ஸர் அடிப்பார்கள், முட்டைக்குள் இருக்கிற கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே கிடக்கும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டி, ஏறக்குறைய 700 ஆண்டுப் பழைய முட்டைகளைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள், 2014இல் அந்த ஆய்வு வந்தது. அந்த முட்டை தூங்கப் போனபோது இங்கே சோழர் ஆட்சி முடிந்து அதிகக் காலம் ஆகியிருக்காது. அது குளிர்ந்த ஏரியின் அடியில் பத்திரமாகக் கிடந்தது, நம் கத்திரி வெயிலில் வெடித்த தரைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. நமக்குத் தேவையும் சில மாதம்தானே.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. தண்ணீர் பட்டவுடன் எல்லா முட்டையும் பொரிக்காது. கொஞ்சம் பொரிக்கும், மீதி அடுத்த தடவைக்கு இருக்கும். கோடையில் ஒரு மழை பெய்து குளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, ஒரு வாரத்தில் வற்றிவிடுகிறது என்று வையுங்கள். பொரித்தவை குட்டி போடாமலே செத்துப்போகும். மீதி முட்டை மண்ணில் இருப்பதால் வம்சம் அற்றுப்போகாது. மேட்டூர் எப்போது திறக்கும், திறந்தாலும் கடைமடை வரை வருமா என்று தெரியாமல் குருவைக்கு விதை விடலாமா, சம்பாவுக்கே இருந்துவிடலாமா என்று யோசிக்கிற நம் ஆட்கள், கையிலிருக்கிற விதைநெல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் விட்டுவிடுவார்களா? அதே கணக்குதான், யோசிக்க மூளை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத உயிரிடம்.

அந்தப் பெட்டிகளில் சில தண்ணீரில் மிதக்கும், மாட்டுக் குளம்பில், கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு போகும். அறுவடை முடிந்த வயலில் வாத்து ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்களே, அந்த வாத்துகளும் நிச்சயம் சுமக்கும். தின்றாலும் சில முட்டை குடலைக் கடந்து உயிரோடு வெளியே வந்துவிடும். ஆற்றுத் தண்ணீரோடு வருவதும் உண்டு, நான் பெரியம்மாவிடம் சொன்ன பாதி அதுதான்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நரம்புச்சிலந்தி நோய் என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், காலில் கொப்புளம் வந்து நூல் மாதிரிப் புழு வெளியே வருமே. அதைச் சுமந்தது சைக்ளாப்ஸ் என்ற வேறொரு ஓட்டுடலி. அதையும் சிலர் நீர்த்தெள்ளு என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதன் பெண்ணுக்கு வால் பக்கம் இரண்டு முட்டைப் பை தொங்கும், பார்த்தால் தெரிந்துவிடும். துணியில் வடிகட்டிக் குடித்ததும், படிக்கிணற்றில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டதும் வேலை செய்தன. 1996க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை, 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஆகவே மொய்னாவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேறு ஆயிரம் காரணம் இருக்கிறது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், மீன்குஞ்சு வளர்ப்பவரைக் கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் எதுவானாலும் பொரித்த குஞ்சுக்கு முதல் சாப்பாடு இந்த மாதிரி நுண்ணுயிர்கள்தான். கட்லா பெரிதான பிறகும் இதைத்தான் தேடித் தின்னும். அதனால்தான் நாற்றங்கால் குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன்னால் சாணமும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து விட்டுக் காத்திருப்பார்கள். சல்லடைத் துணி வலையில் 50 லிட்டர் தண்ணீரை ஊற்றி, தங்கியதைக் குழாயில் அடங்க விட்டுப் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு மில்லி தேறினால் குஞ்சு விடலாம். விடிகாலையில் அந்தக் குளத்தோரம் செம்மண் கரைத்து ஊற்றிய மாதிரி தெரியும், அதுவும் மொய்னாதான். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது தன் ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு சிவந்துவிடும்.

பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதும் இதன் வேலை, ஆனால் அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். சோப்பு நுரையும் சாக்கடையும் வந்து சேர்கிற கோயில் குளம் பெயிண்ட் மாதிரிப் பச்சையாகிவிட்டால் அந்த நீலப்பச்சைப் பாசியை இது தின்று தீர்க்காது, பாதி அதற்கே ஆகாது. போதாததற்குக் குளத்துக்குக் குளம் ஜிலேபிக் கெண்டையும், கொசுவைத் தின்னட்டும் என்று விட்ட கம்பூசியா மீனும் நீர்த்தெள்ளை வழித்துத் தின்றுவிடுகின்றன.

அதைவிட எனக்குக் கவலை மருந்துதான். ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் 20 சதவீத பாட்டிலில் 5 மில்லி எடுத்தால், அதாவது ஒரு மூடி அளவு, அதில் ஒரு கிராம் மருந்து. அந்த ஒரு கிராம் அந்தக் குளம் முழுக்கக் கலந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாளில் டாஃப்னியாக்களில் பாதியை முடக்கிப்போட அதற்கும் குறைவே போதும். வெயிலில் சிதைவது, மண்ணில் ஒட்டிக்கொள்வது எல்லாம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து அடித்து முடித்ததும் ஸ்பிரேயரைக் குளத்தில் முக்கி அலசுகிறோமே, அப்போது போவது ஒரு மூடியோடு நிற்பதில்லை. வயல் வரப்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அலசினால் ஆகாதா?

தூர் வாரும்போதும் அப்படித்தான். வண்டல் மண் வயலுக்கு நல்லது, எடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, மனசும் இல்லை. முட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் கிடக்கும், ஒரு மூலையை மட்டும் சுரண்டாமல் விட்டுவைக்கச் சொல்லி ஜேசிபிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் விட்டார்.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்கலாம். குளம் காய்ந்து கிடக்கும்போது மேல்மண் ஒரு கைப்பிடி எடுத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள், நேர் வெயில் வேண்டாம். முதல் தடவை நான் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கெடுத்தேன், அன்றைக்குப் பார்த்து பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. பத்து நாள் ஒன்றுமே வரவில்லை, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் முகம் செத்துப்போனேன். அடுத்த தடவை மழைத் தண்ணீர். ஐந்தாம் நாள் காலையில் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினால், கலங்கல் அடங்கிய தண்ணீரில் ஒன்றே ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "மண்ணுலேயேவா இருந்துச்சு?" என்றார்.

நன்றி, வணக்கம்.