எலைசா வீசிய செருப்பு

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம். 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில்தான் முதலில் மேடையேறியது, 1914 ஏப்ரலில் லண்டனுக்கு வந்தது, 1938இல் ஆங்கிலத்தில் சினிமாவானது. ‘மை ஃபேர் லேடி’ பார்த்திருப்பீர்கள், அதற்கும் மூலம் இதுதான். தெருவில் பூ விற்கிற எலைசா டூலிட்டிலின் பேச்சை மாற்றி, ஆறு மாதத்தில் அவளைப் பிரபுக்கள் கூட்டத்தில் ஒரு கோமகளாக நம்பவைக்கிறேன் என்று ஹிக்கின்ஸ் என்கிற ஒலியியல் பேராசிரியர் சவால் விடுகிறார், ஜெயித்தும் விடுகிறார். கதை எல்லோருக்கும் தெரியும். நான் பேச வந்தது அந்தச் சவாலைப் பற்றி இல்லை, அதில் வரும் ஒரு ஜோடி செருப்பைப் பற்றி.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் பேச்சுவாக்கில் ‘அங்கிட்டு’ என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் பல மாதம், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். ஒரு ஆங்கிலேயன் வாயைத் திறந்தாலே இன்னொரு ஆங்கிலேயனுக்கு அவன்மேல் வெறுப்போ இளக்காரமோ வந்துவிடுகிறது என்று இந்த நாடகத்தின் முன்னுரையில் ஷா எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்த மூன்று நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதனால் இதை வெறும் வேடிக்கை நாடகமாக என்னால் பார்க்க முடிந்ததே இல்லை.

முதல் காட்சி. லண்டன் கவென்ட் கார்டனில் ராத்திரி நேரம், நல்ல மழை. தேவாலய முகப்பில் ஒதுங்கி நிற்கிற கூட்டத்தில் எலைசாவும் இருக்கிறாள். அவள் பேசுவதை ஒரு ஆள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ சொன்னதும் அவளுக்கு உயிரே போய்விடுகிறது. போலீஸுக்குத் துப்புக் கொடுக்கிறவன் என்று நினைத்துக்கொண்டு, நான் நல்ல பெண், ஒரு தப்பும் செய்யவில்லை, பூ வாங்கிக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான் என்று கதறுகிறாள். கூட்டத்துக்கு அது வேடிக்கை. எழுதிக்கொண்டிருந்தவர் ஹிக்கின்ஸ், அவருக்கும் அது வெறும் உச்சரிப்புக் குறிப்புதான். ஒரு வார்த்தையால் பெயர் கெட்டால் அவளுடைய பிழைப்பே போய்விடும் என்பது அங்கே அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

மறுநாள் அவளே ஹிக்கின்ஸ் வீட்டுக்குப் போகிறாள். பூக்கடையில் வேலைக்குச் சேரவேண்டும், அதற்கு நல்ல பேச்சு வேண்டும். பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருவேன், அதற்கு மேல் தரமாட்டேன் என்கிறாள். ஹிக்கின்ஸ் உடனே கணக்குப் போடுகிறார்: இவளுடைய வருமானத்தில் ஒரு ஷில்லிங் என்றால், ஒரு கோடீஸ்வரன் 60, 70 கினி (21 ஷில்லிங் ஒரு கினி) கொடுப்பதற்குச் சமம். எவ்வளவு அழகான கணக்கு! ஏழை கொடுக்கிற காசின் எடை அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அதே காட்சியில், பாடம் முடிந்தபிறகு இவள் கதி என்ன என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிசஸ் பியர்ஸ் கேட்டால், திரும்பச் சாக்கடையில் எறிந்துவிடலாம் என்று சொல்கிறவரும் அவர்தான். நாடகம் முழுக்க அந்த அம்மாவின் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதே இல்லை.

நடுவில் ஹிக்கின்ஸின் தாயார் வீட்டில் ஒரு தேநீர் விருந்து வருகிறது. எலைசாவின் உச்சரிப்பு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, ஆனால் பேசுகிற விஷயமோ, தன் சித்தியை வீட்டிலேயே யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்பது! எல்லோரும் சிரிக்கிற காட்சி. எனக்கு அதில் வேறு ஒன்று முக்கியம். அங்கே விருந்தாளியாக வந்திருக்கிற ஒரு அம்மா, மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பெரிய இடத்து நடை உடை பாவனை எல்லாம் இருக்கிறது, கையில் காசு இல்லை. நாங்கள் அவ்வளவு ஏழை என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். ஆக அந்த அறையில் வேஷம் கட்டியிருப்பது எலைசா மட்டும் இல்லை. அந்த அம்மாவின் வேஷம் பிறந்ததிலிருந்து போட்டது, அதனால் அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலைசா ஜெயிக்கிற அந்தப் பெரிய விருந்தை ஷா முதலில் எழுதிய நாடகத்தில் மேடையில் காட்டவே இல்லை. திரை விலகும்போது நடுராத்திரி, எல்லாம் முடிந்து மூன்று பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். ஹிக்கின்ஸும் நண்பர் பிக்கரிங்கும், அப்பாடா, ஒருவழியாக முடிந்தது, ஒரே சலிப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். பட்டுடுத்தி நகை பூட்டி அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், நன்றாகச் செய்தாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. என் செருப்பு எங்கே என்கிறார் ஹிக்கின்ஸ். வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற மெத்துச் செருப்பு. அவள் பேசாமல் எழுந்து போய் எடுத்துவந்து அவர் முன்னால் வைக்கிறாள். செருப்பு தானாக வந்துவிட்ட மாதிரி அவர் அதைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே செருப்பை எடுத்து அவர்மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக வீசுகிறாள். செருப்பால் அடிப்பதென்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கவேண்டாம்.

அப்போது அவள் கேட்பது மிசஸ் பியர்ஸ் கேட்ட அதே கேள்வி. இனி என் கதி என்ன? பூ விற்றேன், என்னை விற்கவில்லை, இப்போது என்னைச் சீமாட்டியாக்கிவிட்டீர்கள், இனி என்னை விற்பதைத் தவிர வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்கிறாள். அப்புறம் நிதானமாக இன்னொன்று கேட்கிறாள்: நான் போட்டிருக்கிற துணி என்னுடையதா, பிக்கரிங்குடையதா? வாடகைக்கு எடுத்த நகையைக் கழற்றிக் கொடுத்து, காணாமல் போனால் என்மேல் பழி வரவேண்டாம், நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பாருங்கள், மழையில் போலீஸுக்குப் பயந்து நின்ற அதே பெண். ஊரையே ஏமாற்றி ஜெயித்து வந்த அதே ராத்திரியிலும் திருட்டுப் பட்டத்துக்குப் பயப்படுகிறாள். பேச்சு மாறிவிட்டது, பயம் மாறவில்லை. வர்க்கம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எழுதிக்காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

1938 படத்துக்கு வருவோம். கேப்ரியல் பாஸ்கல் தயாரிப்பு. ஆந்தனி ஆஸ்க்வித்தும் லெஸ்லி ஹோவர்டும் சேர்ந்து இயக்கினார்கள், ஹோவர்டேதான் ஹிக்கின்ஸ். எலைசா வெண்டி ஹில்லர். படத்துக்காக ஷா புதிய காட்சிகள் எழுதிக்கொடுத்தார், திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. நாடகம் மறைத்த விருந்தைப் படம் விரிவாகக் காட்டுகிறது. அது தேவையா என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன், இப்போது தேவைதான் என்று தோன்றுகிறது. காரணம் அங்கே வருகிற கார்ப்பதி. ஹிக்கின்ஸிடமே படித்தவன், பேச்சைக் கேட்டே ஆளை எடைபோடுகிறவன். எலைசாவைக் கவனித்துவிட்டு, இவள் போலி, இங்கிலாந்துக்காரியே இல்லை, இவ்வளவு சுத்தமான ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் படித்த அந்நியர்களுக்குத்தான் வரும், இவள் ஹங்கேரி ராஜ குடும்பத்துப் பெண் என்று அடித்துச் சொல்கிறான். போலி என்பது சரி, ஆனால் அவன் சந்தேகம் கீழே பார்க்கவில்லை, இன்னும் மேலே பார்க்கிறது. தெருவிலிருந்து ஒருத்தி இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்கிற எண்ணமே அவனுக்கு வருவதில்லை.

ஆனால் முடிவுதான் என்னை வருத்துகிறது. நாடகத்தில் எலைசா ஹிக்கின்ஸை விட்டுப் போகிறாள். பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவள் நடந்துகொள்வதில் இல்லை, அவளை மற்றவர்கள் நடத்துவதில் இருக்கிறது என்று பிக்கரிங்கிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். முதல் லண்டன் மேடையிலேயே ஹிக்கின்ஸாக நடித்தவர், திரை விழுமுன் எலைசாவுக்குப் பூங்கொத்தை வீசி, அதைக் காதல் கதை ஆக்கப் பார்த்தார். ஷாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1916இல் பின்னுரை எழுதி, எலைசா அந்தத் தேநீர் விருந்துக்கு வந்த அம்மாவின் மகன் ஃப்ரெடியைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று கதவைச் சாத்தினார். அப்படியும் படம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஹிக்கின்ஸ் வீட்டில் தனியாக எலைசாவின் பழைய குரல் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவள் திரும்பி வருகிறாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறார்: என் செருப்பு எங்கே, எலைசா?

அதே செருப்பு. படத்தைத் தேடிப் பாருங்கள். அந்தக் கேள்வியோடு படம் முடிந்துவிடுகிறது. அவள் எடுக்கப் போனாளா, எடுத்து என்ன செய்தாள் என்பதைக் காட்டவே இல்லை.