வீட்டுத் தோட்டத் தேனீக்கள் திடீரென்று துரத்தித் துரத்திக் கொட்டினால்: காரணமும் கைவைத்தியமும்

[காட்சி: தோட்டத்து மூலையில் ஒரு தேனீப் பெட்டி. தூரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குள் ஓடுகிறார்.]

வணக்கம். பெட்டியை யாரும் தொடவில்லை. இருபது மீட்டர் தள்ளித் துணி காயப்போட்டவரின் தலைமுடிக்குள் தேனீ புகுந்து கொட்டுகிறது. இத்தனைக்கும் போன மாதம் வரை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க விட்ட பெட்டிதான்.

பெட்டியைத் திறக்கும்போது நாலு கொட்டு வாங்குவது தேனீ வளர்ப்பில் சகஜம். சும்மா இருப்பவரைத் தேடி வந்து கொட்டுவது அந்தக் கணக்கில் சேராது. பெட்டிக்குள்ளோ, பெட்டியைச் சுற்றியோ ஏதோ மாறியிருக்கிறது. அது என்ன என்று பார்க்கத்தான் இந்த வீடியோ. இங்கே சொல்பவை பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்குப் பொருந்தும். நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீ பொதுவாகச் சாது; ரொம்பத் தொந்தரவு செய்தால் சண்டைக்கு வருவதைவிடக் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போவதுதான் அதன் வழக்கம்.

முதலில், இந்த நிமிடமே தேனீ துரத்துகிறது என்றால் என்ன செய்வது?

ஓடுங்கள். கையை வீசாமல், சட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, நேராக ஒரு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். கூடவே நாலைந்து தேனீ உள்ளே வரும், பரவாயில்லை. வெளியே இருப்பது ஆயிரக்கணக்கில். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். மூச்சு வாங்கத் தலையைத் தூக்குகிற வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

உள்ளே வந்ததும் கொடுக்கைப் பிடுங்குங்கள். நகத்தால் வழித்து எடுக்க வேண்டுமா, கிள்ளி எடுக்கலாமா என்று பட்டிமன்றமே நடக்கும். இதை 1996-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே கணக்கு. தேனீ பறந்து போன பிறகும் தோலில் தங்கிவிட்ட நச்சுப்பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் 20 விநாடிக்குள் பத்தில் ஒன்பது பங்கு இறங்கிவிடும். ஆகவே நகமோ கத்தியோ தேடி நிற்காமல், கைக்கு வந்தபடி பிடுங்கிப் போடுங்கள்.

மூச்சுத் திணறல், நாக்கோ தொண்டையோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல், வாந்தி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒவ்வாமை இருப்பவருக்கு ஒரே கொட்டு போதும். ஒவ்வாமை இல்லாதவர்கூட நிறையக் கொட்டு வாங்கியிருந்தால், குறிப்பாகக் குழந்தைகளும் வயதானவர்களும், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

சரி, ஆபத்து தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெட்டிக்கு வருவோம்.

[காட்சி: பெட்டியின் வாசல். வாசல் பலகையில் முன்கால்களைத் தூக்கி நிற்கும் காவல் தேனீக்கள்.]

வாசலில் நிற்பவை காவல் தேனீக்கள். ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கின் அடியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதில் முக்கியமானது ஐசோபென்டைல் அசிடேட். 1962-இல் அடையாளம் கண்டார்கள். நம் மூக்குக்கு வாழைப்பழ வாசனை. மற்ற தேனீக்களுக்கோ அது "எதிரி இங்கே, வா" என்ற தகவல். அதனால்தான் ஒரு கொட்டு விழுந்த இடத்திலேயே அடுத்தது விழுகிறது. பழைய கையுறையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு போனால், போன தடவை வாங்கிய கொட்டுகளின் வாசனையையும் சேர்த்து எடுத்துப் போகிறீர்கள். கோபக்காரப் பெட்டி என்று பெயர் வாங்கிய சில பெட்டிகளுக்கு உடுப்பைத் துவைப்பதே பாதி வைத்தியம். (வாழைப்பழம் தின்றுகொண்டே பெட்டிக்குப் போக வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வதும் வெறும் கதையில்லை.)

புகை ஏன் வேலை செய்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. புகை பட்டதும் தேனீயின் உணர்கொம்பு இந்த வாசனையை உணர்வது மந்தமாகிவிடும். ஆனால் பத்து இருபது நிமிடத்தில் பழையபடி தெளிந்துவிடும். வாசலில் இரண்டு மூன்று முறை ஊதிவிட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்துத் திறங்கள்.

இப்போது காரணங்கள். நான் பார்ப்பது ஒரே கேள்வியைத்தான்: கோபம் வந்து போகிறதா, வந்து தங்கிவிட்டதா?

வந்து போவது என்றால் பெரும்பாலும் சூழல்தான். மழை மேகம் கூடிய நாள், பலத்த காற்று, பக்கத்தில் புல்வெட்டும் மெஷின், இவையெல்லாம் அந்த நேரத்து எரிச்சல். ஒரு நாளில் சரியாகிவிடும். காலையில் மட்டும் சீறுகின்றன, வாசலில் மண்ணும் பிராண்டிய தடமும் இருக்கின்றன என்றால் இரவில் ஏதோ ஒரு விலங்கு வந்து போகிறது. பெட்டியை உயரமான தாங்கியில் ஏற்றிவிட்டால் போதும்.

நின்று பார்க்க வேண்டியது தேன் வரத்து இல்லாத காலம். பூ இல்லை, வெளியே வேலை இல்லை. வயதான தேனீக்கள், அதாவது கொட்டுவதில் முன்னால் நிற்பவை, பகலெல்லாம் பெட்டியிலேயே கிடக்கும். அதே நேரம் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் திருட வரும். வாசலில் கட்டிப் புரளும் சண்டை, பெட்டியின் இடுக்குகளை மோப்பம் பிடித்துச் சுற்றும் தேனீக்கள், தரையில் மெழுகுத் துகள், மயிர் உதிர்ந்து கறுத்துப் பளபளக்கும் தேனீக்கள், இவை தெரிந்தால் அங்கே கொள்ளை நடக்கிறது. கொள்ளை நடக்கும் பெட்டிக்கு எதிரே யார் போனாலும் எதிரிதான்.

அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். வாசலை ஒன்றிரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். முழுக்க அடைத்துவிட்டால் வெயிலில் புழுங்கிச் செத்துவிடும். ஈரத்துணியை மேலே போர்த்தலாம். சர்க்கரைப் பாகு வைக்கிறீர்கள் என்றால் திறந்த தட்டில் தோட்டத்தில் வைப்பதை நிறுத்துங்கள். ஊரிலுள்ள திருட்டுத் தேனீக்கெல்லாம் விருந்து வைத்தது போல ஆகும். பாகை மாலையில், பெட்டிக்குள்ளே, ஒரு சொட்டும் சிந்தாமல் வையுங்கள்.

இன்னொன்று, ராணி இல்லாமல் போவது. மூடியைத் திறந்ததும் வழக்கமான ரீங்காரம் கேட்காமல், ஒரு முனகல் போல நீளமாகக் கேட்கும். அடையில் முட்டை இருக்கிறதா பாருங்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும், ஆகவே முட்டை கண்ணில் பட்டால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. இல்லையென்றால் வேறு நல்ல பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்து, சில நாள் கழித்துப் பாருங்கள். புது ராணியை வளர்க்கும் ராணி அறை கட்ட ஆரம்பித்திருந்தால், ராணி இல்லை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பூ வந்துவிட்டது, கொள்ளை இல்லை, முட்டையும் இருக்கிறது, வானமும் வெளுத்திருக்கிறது. அப்படியும் துரத்துகின்றன. அப்போது சுபாவம் என்றுதான் முடிவுக்கு வர வேண்டும். சுபாவம் வருவது ராணியிடமிருந்தும், அது கூடிய ஆண் தேனீக்களிடமிருந்தும்.

"ராணி பழையதுதானே, எப்படித் திடீரென்று மாறும்?" என்று கேட்பீர்கள். பழையதுதான் என்று எப்படித் தெரியும்? வயதான ராணியைத் தேனீக்களே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். புது ராணி வெளியே பறந்துபோய் பத்து முதல் இருபது ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பும். அவை எந்தக் கூட்டைச் சேர்ந்தவை என்று நமக்குத் தெரியாது. ஆறேழு வாரத்தில் பழைய பணித்தேனீக்கள் போய், புதிய அப்பன்களின் பிள்ளைகள் பெட்டியை நிறைத்துவிடும். நமக்குத்தான் அது "திடீர்". ராணியின் முதுகில் ஒரு புள்ளி பெயிண்ட் வைத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

[காட்சி: உலக வரைபடம். ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ஒரு கோடு. அங்கிருந்து வடக்கே நீளும் அம்பு.]

சுபாவம் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்குப் பெரிய உதாரணம் பிரேசில். 1956-இல் வார்விக் கெர் என்ற அறிவியலாளர் ஆப்பிரிக்க ராணிகளைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ரியோ கிளாரோ அருகே 26 கூட்டங்கள் தப்பிப் போயின. அவற்றின் கலப்பு வாரிசுகள் 1990-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை எட்டின. விஷத்தின் வீரியம் சாதாரணத் தேனீயுடையது போலத்தான். அதிக எண்ணிக்கையில் வருவதும், அதிக தூரம் துரத்துவதும், சீக்கிரம் அடங்காததும்தான் பிரச்சினை.

இதே வம்சம் போர்ட்டோ ரிக்கோ தீவில் சில பத்தாண்டுகளுக்குள் சாதுவாகிவிட்டது. நெருக்கமாக மனிதர்கள் வாழும் தீவு. மூர்க்கமான கூடுகளை மக்கள் அழித்துக்கொண்டே வந்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கோபக்கார ராணியை மாற்றுவது பாவம் என்று தயங்குபவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பெட்டியின் ஆண் தேனீக்கள் சுற்றுவட்டாரத்து ராணிகளோடெல்லாம் கூடும். தேன் நிறையத் தருகிறது என்பதற்காக அதை வைத்திருப்பது அக்கம்பக்கத்தார் எல்லோர் தலையிலும் கை வைப்பது. என்னைக் கேட்டால் வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமில்லை.

ராணியை மாற்ற வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான கோபக்காரத் தேனீக்களுக்கு நடுவே அதைத் தேட வேண்டும். ஒரு பழைய உத்தி இருக்கிறது. நல்ல வெயில் நாளில், தேனீக்கள் வெளியே போயிருக்கும் நடுப்பகலில், பெட்டியைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித் தூக்கி வையுங்கள். பழைய இடத்தில் இரண்டு மூன்று அடைகளோடு ஒரு காலிப் பெட்டி. வெளியே போன வயதான தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். ஓரிரு நாளில், தூக்கி வைத்த பெட்டியில் பெரும்பாலும் இளம் தேனீக்களே மிஞ்சும். அவை பொதுவாகக் கொட்ட வராது. அங்கே ராணியைத் தேடி எடுத்துவிட்டு, கூண்டில் வைத்த புது ராணியைக் கொடுங்கள். தேனீக்களே எழுப்பும் ராணி அறைகளைக் கலைக்க மறக்காதீர்கள். ஒன்று தப்பினாலும் பழைய வம்சம் திரும்பிவிடும். புது ராணி முட்டையிட ஆரம்பித்த பிறகு, இடையில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பழைய இடத்துத் தேனீக்களை மேலே வைத்துச் சேர்த்துவிடலாம்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். முழு உடுப்பு, எரியும் புகையூட்டி, அனுபவமுள்ள ஒருவர் துணைக்கு. முந்தைய நாளே பக்கத்து வீடுகளில் சொல்லிவிடுங்கள். நாய், ஆடு, கோழிக்கூண்டு எல்லாம் முன்கூட்டியே அப்புறப்பட வேண்டும். கட்டிப்போட்ட மிருகத்தால் ஓட முடியாது. தேனீ மேலே வந்து மோத ஆரம்பித்தால் வேலை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மூடிவிட்டு வாருங்கள். பெட்டி நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

பலன் உடனே தெரியாது. முட்டை பணித்தேனீயாக வெளிவர 21 நாள். பழையவை செத்துத் தீர இன்னும் சில வாரம். அதுவரை பெட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வலையோ தட்டியோ கட்டினால் தேனீ உயரத்தில் பறந்து போகும், நடப்பவர் தலையில் மோதாது. வாசல் நடைபாதையைப் பார்க்காதபடி திருப்பிவையுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுதுங்கள்: நேரம், வானிலை, பூ இருந்ததா, எத்தனை தேனீ முகவலையில் மோதியது, எவ்வளவு தூரம் பின்னால் வந்தது.

இரண்டு மாதம் ஆகியும் அந்தத் தூரம் குறையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இருட்டியதும் வாசலை வலையால் அடைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத, குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தள்ளிய இடத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். அதைவிடப் பக்கத்தில் வைத்தால் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால், முறையாகப் பயிற்சி பெற்ற ஆளை வைத்து அந்தக் கூட்டத்தை முடித்துவிடுவதுதான் வழி.