மலையைத் தின்ன ஊர்: மக்னிதகோர்ஸ்க்

எல்லாருக்கும் வணக்கம். ரஷ்யான்னா நம்மாளுங்க மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கோட நிறுத்திடுவாங்க, அதைத் தாண்டினா நேரா சைபீரியா பனிதான். நடுவுல கிடக்கற ஊரெல்லாம் கணக்குலயே வராது. அதனால இன்னைக்கு ஒரே ஒரு ஊர், தெற்கு யூரல் பக்கம் இருக்கற மக்னிதகோர்ஸ்க். 4 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, பாதிப் பேச்சு அங்க இருக்கற எஃகு ஆலையைப் பத்திதான் இருக்கும்.

அங்க மாக்னித்னயான்னு ஒரு மலை, இரும்புத்தாது கொட்டிக் கிடந்துது. ஆனா அதை உருக்க நிலக்கரி? கிடையாது. சைபீரியால இருக்கற குஸ்பாஸ்ங்கற நிலக்கரிச் சுரங்கப் பகுதிலேர்ந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல ரயில்ல வரணும். லாபக் கணக்கு பாக்கற முதலாளி எவனும் அங்க ஆலை போட்டிருக்க மாட்டான், ஸ்டாலின் போட்டார். 1929ல முதல் ரயில் வந்துது, 1932 பிப்ரவரி 1ல முதல் இரும்பு உருகி வந்துது. இதுல வேடிக்கை என்னன்னா மாடலா எடுத்துக்கிட்டது அமெரிக்கால கேரிங்கற ஊர்ல இருந்த எஃகு ஆலையை, டிசைனுக்கும் க்ளீவ்லாண்ட் கம்பெனி!

கொம்சோமோல், அதாவது கம்யூனிஸ்ட் கட்சியோட இளைஞர் அமைப்பு, அந்த இளைஞர்கள் ஆர்வமா வந்து கட்டினாங்கன்னு பிரசாரம் பண்ணாங்க, அப்படி வந்தவங்களும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா நிலத்தைப் பிடுங்கிட்டு குடும்பத்தோட வண்டி ஏத்தி அனுப்பின விவசாயிங்களும் ஆயிரக்கணக்குல அங்கதான் மண்ணு தோண்டினாங்க, அதுவும் கூடாரத்துலயும் பாராக்னு சொல்ற கொட்டகைலயும் படுத்துக்கிட்டு, அந்த யூரல் குளிர்ல. ஊர்ல ‘முதல் கூடாரம்’னு ஒரு நினைவுச்சின்னம் வெச்சிருக்காங்க. அதைப் பாத்தா கூடாரத்துல இருந்தது வீரக்கதைன்னுதான் தோணும்.

1941 ஜூன்ல ஹிட்லர் உள்ள வந்தான். டாங்கிக்குக் கவசத் தகடு வேணும், ஆனா அந்தத் தகடு உருட்டற மில்லு இங்க இல்ல. இருந்தது ப்ளூமிங் மில்லு, பெரிய பெரிய எஃகுக் கட்டியை அமுக்கி சின்னதாக்கறது. அதுலயே தகடை உருட்டிப் பாத்துடலாம்னாங்க, உடைஞ்சா மொத்த ஆலையும் படுத்துடும், ஆனா ஜூலை மாசமே உருட்டிட்டாங்க! ரெண்டுல ஒரு டாங்கி, மூணுல ஒரு குண்டு எங்க எஃகுன்னு அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. தொழிலாளி ஒரு படைவீரன் கையில வாள் குடுக்கற மாதிரி பெரிய சிலை ஒண்ணு 1979ல வெச்சாங்க.

ஊரைப் பிரிக்கறது யூரல் ஆறு. கிழக்குக் கரை ஆசியா, ஆலை அங்க. மேற்குக் கரை ஐரோப்பா, வீடுங்க பெரும்பாலும் இங்க. காலைல ஐரோப்பால டீ குடிச்சுட்டு டிராம் ஏறி ஆசியாவுக்கு ஷிஃப்ட்டு போறாங்க, பாஸ்போர்ட் கூட வேணாம்!

மலை? கிட்டத்தட்ட தீந்துபோச்சு. இப்போ கரி மட்டுமில்ல, தாதுவும் வெளியிலேர்ந்து வருது, பல வருஷம் கஜகஸ்தான்லேர்ந்து கூட வந்துது. 90கள்ல ஆலை தனியார் கைக்குப் போச்சு, 1967ல ஃபிட்டரா சேந்த விக்தர் ராஷ்னிகோவ்தான் பின்னாடி அதோட பெரிய முதலாளி ஆனார். தொழிலாளர் அரசு கட்டின ஆலைலேர்ந்து ஒரு கோடீஸ்வரர், அதுவும் தொழிலாளியா இருந்தவர், இதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்குத் தெரியல. ஆலைக்காக உண்டான ஊர்ல எல்லாமே ஆலையைச் சுத்தித்தான், ஐஸ் ஹாக்கி டீமுக்குக் கூட ‘மெத்தலூர்க்’, அதாவது உலோகத் தொழிலாளின்னுதான் பேரு. 2014, 2016, 2024 மூணு தடவை ககாரின் கோப்பை, அதாவது அங்கத்த பெரிய ஹாக்கி லீக்கோட கோப்பையை அடிச்சிருக்காங்க. காத்து மட்டும் மோசம், ரஷ்யாவோட மாசுபட்ட ஊர் லிஸ்ட்டுல ரொம்ப வருஷம் அடிபட்ட பேரு. சரி, கேள்வி இருந்தா கேளுங்க, மைக் பின்னாடி வரும்.