மோட்டாரை மாட்டினது எந்த மேகம்?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். வறண்ட சீமையில தண்ணீர்ச் சண்டைக்குக் காரணம் வானமா, மனுஷனாங்கிறது தலைப்பு. எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் வானத்தைத் திட்டிட்டு உட்கார்ந்திருக்கார். வானம் எழுந்து வந்து பதில் சொல்லாதுங்கிற தைரியம்!

நான் ராமநாதபுரத்துக்காரன். அரசு ஊழியரை மிரட்டணும்னா 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்'னு சொல்வாங்களே, அந்தக் காடுதான் எங்க ஊர். அங்கே வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யுது. ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர்ல 200 தேறினாலே பெரிசு. எங்க மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் கண்மாய், அதாவது ஏரி. ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை'ன்னே பேரு. நாரையால ஒரே மூச்சுல கடக்க முடியாதாம்! வானத்தை நம்பாதவனா அவ்வளவு பெரிய கரை போட்டான்?

எங்க கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேல் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு, அதான் மிச்சத் தண்ணி வழியுற இடம், அது வழியா கீழ்க் கண்மாய்க்குத் தண்ணி போகும். 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தா அது நீர்வளத் துறைக்கு, குறைஞ்சா ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே சங்கிலியில கண்ணிக்கு ஒரு முதலாளி. நடுவுல தண்ணி வர்ற வரத்துக்கால்ல மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை யார் வெட்டுறது? மனு எழுதுறவர் மட்டும்தான் அதுல பிழைச்சார்.

எங்க பக்கத்து ஊர்ல ஒரு கண்மாய். பேர் வேண்டாம். அங்கே சண்டை வந்தது மழை நல்லாப் பெய்ஞ்ச வருஷம், கவனிங்க நடுவரே, பொய்ச்ச வருஷம் இல்லை! கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற உள்வாயை வளைச்சு ஒருத்தர் மிளகாய் போட்டிருந்தார். தண்ணி ஏறினா செடி அழுகிடும். கரைக்கு அந்தப் பக்கம் நெல்லு போட்டவருக்குத் தண்ணி நின்னாத்தான் கதிர். மிளகாய்க்காரர் ராத்திரியில மடையைத் திறப்பார். நெல்லுக்காரர் விடியறதுக்குள்ள வைக்கோலும் மண்ணும் திணிச்சு அடைப்பார். கடைசியில ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. தண்ணி அதுபாட்டுக்கு ஓடையில இறங்கி உப்புத் தண்ணியோட கலந்துடுச்சு.

முன்னே மடையைத் தொட நீர்பாய்ச்சி ஒருத்தர்தான். ஊரே அவருக்கு நெல் அளக்கும். யார் வயல்னு பார்க்காம முறைப்படி பாய்ச்சுவார். அதுக்காகப் பழசெல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரலை. குடிதண்ணிக் குளமான ஊருணியில எல்லாச் சாதியையும் இறங்க விட்டாங்களா? யாராவது மொண்டு ஊத்த மாட்டாங்களான்னு குடத்தோட படிக்கு வெளியே நின்னவங்க உண்டு. அதுவும் வானம் போட்ட சட்டமா அண்ணே?

எங்க அப்பத்தா காலத்துல ஊருணி வத்தினா நடுவுல ஊத்துத் தோண்டுவாங்க. கொட்டாங்குச்சியால சுரண்டிச் சுரண்டி ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். குடத்தை வரிசையில வெச்சுட்டு அப்பத்தா வீட்டுக்குப் போய் உலை வெச்சுட்டு வரும். குடம் இடம் மாறாது. இப்போ திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணியே குழாய்ல வருது. தண்ணி வராத நாள் தெரு அமைதியா இருக்கு. வர்ற அன்னைக்குத்தான் அடிதடி. முதல் வீட்டுக்காரர் குழாய்ல மோட்டாரை மாட்டி உறிஞ்சுறார். கடைசி வீட்டுல குழாயைத் திறந்தா 'புஸ்'ஸுன்னு காத்து. அந்த மோட்டாரை எந்த மேகம் நடுவரே இறங்கி வந்து மாட்டிட்டுப் போச்சு?