எமன் கையிலும் ஏடு இருக்கிறது

நடுவர் ஐயா அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். "குடும்ப வரலாறு நிலைப்பது பெரியவர்கள் வாய்ச்சொல்லிலா, எழுதி வைக்கும் ஏட்டிலா?" இதுதான் தலைப்பு. ஏட்டில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி ஒரு போடு போட்டார். "செத்தவங்க கணக்கை எழுதத்தான் மேலே சித்திரகுப்தன் இருக்கானே, இவங்க எதுக்கு நோட்டும் பேனாவுமா அலையறாங்க?" என்றார். பந்தலே கை தட்டியது.

தம்பி, சித்திரகுப்தனை இந்த மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள். நான் அவரை எங்கள் அணியில் உட்கார வைத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு கையில் எழுத்தாணி, இன்னொரு கையில் ஏடு. எமதர்மன் எவ்வளவு பெரிய ஆள்! உயிரையே எடுக்கிறவன். அவன், "எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னானா? இல்லை. ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைத்து, ஏட்டையும் கொடுத்து, எழுது என்றான். எமனே வாய்க்கணக்கை நம்பவில்லை. நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்!

இன்னொன்று. சித்திரகுப்தன் எழுதுவது பாவமும் புண்ணியமும். எங்கள் அப்பத்தா வீட்டுப் பெரியவள் எந்த ஊரில் பிறந்தாள், எந்த வயசில் வாக்கப்பட்டாள், எத்தனை பிள்ளை பெற்று எத்தனையைப் பறிகொடுத்தாள் என்பதெல்லாம் அந்த ஏட்டில் வராது. வந்தாலும் நம்மிடம் நகல் தரப்போவதில்லை. நம் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிருந்தோம். பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பா. நாலு பேரும் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஐயர் கையில் எள்ளைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்.

"அப்பா பேரு?"

நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தாத்தா பேரு?"

அதற்கு யோசிக்கவே வேண்டாம். பெரியப்பாவுக்கு வைத்திருப்பதே அந்தப் பேர்தான். பெயரன்தானே பேரன்!

"கொள்ளுத்தாத்தா?"

கொஞ்சம் இழுத்தார் பெரியப்பா. ஆனால் சொல்லிவிட்டார். நிலத்துப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இருந்தது ஞாபகம் வந்ததாம். பத்திரத்தில், நடுவர் ஐயா! வாயில் இல்லை, பத்திரத்தில்!

"அம்மா பேரு?" சொன்னார்கள்.

"அப்பாவோட அம்மா பேரு?"

சத்தமே இல்லை. பெரியப்பா எங்கள் அப்பாவைப் பார்க்கிறார். அப்பா சித்தப்பாவைப் பார்க்கிறார். சின்னச் சித்தப்பா மெதுவாக, "அப்பத்தா" என்றார்.

"அது முறை. பேரு சொல்லுங்கோ."

"அப்பத்தாதான் சாமி. ஊரே அப்பத்தான்னுதான் கூப்பிடும்."

"உங்க தாத்தா எப்படிக் கூப்பிடுவார்?"

"'ஏ புள்ள'ன்னு கூப்பிடுவார்."

பின்னால் அடுத்த குடும்பம் எள்ளோடு நிற்கிறது. பெரியப்பா ஈரக் கையோடு செல்போனை வாங்கி, ஊரில் இருக்கிற அத்தைக்குப் போட்டார். அத்தைக்கு எண்பத்திரண்டு வயசு. "பேரா? கீழவீட்டுக்காரின்னு சொல்லுவாக." அடுத்து சிவகங்கையில் இருக்கிற பங்காளி ஒருவருக்கு. "எங்களுக்கு அவுக பெரியாயி." அதற்கடுத்து சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனுக்கு. "தண்டட்டிக் கிழவின்னு எங்கப்பா சொல்லுவார்." இன்னும் இரண்டு பேருக்குப் போட்டோம். அஞ்சு போன். அஞ்சு முறை, அஞ்சு பட்டம். பேர் மட்டும் ஒருத்தர் வாயிலும் இல்லை.

எதிரணி நண்பர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. அப்பத்தா வைக்கிற கருவாட்டுக் குழம்பைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் சொல்வார்கள். நடக்கும்போது காதில் தண்டட்டி எப்படி ஆடும் என்று கேளுங்கள், தலையை ஆட்டியே காட்டுவார்கள். எங்கள் அப்பா அந்த மடியில் படுத்து வளர்ந்தவர். எல்லாக் கதையும் இருக்கிறது. அந்தக் கதைக்குச் சொந்தக்காரியின் பேர் இல்லை.

கடைசியில் ஐயர், "சரி, ஒரு நல்ல பேராச் சொல்லுங்கோ, நாழியாறது" என்றார். பெரியப்பா "மீனாட்சி" என்றார். நாலு பேரும் மீனாட்சிக்கு எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டு எழுந்தார்கள். வேனில் பரமக்குடி தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "யாருக்குடா தண்ணி விட்டோம்?"

அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டு வாங்கினேன்.

எப்படித் தேடுவது என்று கேட்பீர்கள். முதலில் வீட்டில் இருக்கிற மொய் நோட்டை எடுங்கள். அதை வெறும் பணக்கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர் பேர் முதலில், அப்புறம் ஆள் பேர், அப்புறம் ரூபாய். அந்தக் கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து சொந்தம் வந்தது என்று அப்படியே தெரியும். அப்புறம் நிலத்துப் பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை. அப்புறம் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆமாம், எதிரணியின் பாட்டி தாத்தாவிடம்தான், அவர்களை விட்டால் நமக்கு யார்? ஆனால் "நீங்க எப்பப் பொறந்தீங்க?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற தேதி பல பேருக்கு வாத்தியார் போட்ட தேதி. "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப நீங்க எவ்வளவு உசரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "கைப்பிள்ளைடி, இடுப்புல வச்சிருந்தாகளாம்" என்று பதில் வரும். அது 1964 டிசம்பர், குரோதி வருஷம் மார்கழி. வந்துவிட்டதா கணக்கு? வெறுமனே "குரோதி வருஷம்" என்று சொல்லி விட்டுவிட்டால், அது அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும். 1904-லும் வந்தது, 1964-லும் வந்தது, 2024-லும் வந்தது. பக்கத்தில் புயலை எழுதி வைத்தால்தான் தப்பும்.

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தத்தை எழுதாமல் காரியம் நடக்காது. ஒவ்வொரு தம்பதியையும் தங்கள் கோயிலில் ஒரு 'புள்ளி'யாக, அதாவது ஒரு குடும்பமாக, பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கென்ன, வசதியானவர்கள் என்று தம்பி சொல்லக்கூடும். சரி, ஒன்றுமே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்து, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் சனத்தைப் பார்த்து, "உன் அப்பன் இங்கே பிறந்தான் என்று நிரூபி. இல்லாவிட்டால் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று நிரூபி" என்றார்கள். அவர்கள் வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள். இந்த லயத்து வீட்டில்தான் பிறந்தார், அந்த மரத்தடியில்தான் புதைத்தோம் என்று சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. காகிதம் கேட்டார்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இங்கே அனுப்புவது என்று முடிவு செய்தன. அந்தச் சட்டம் அநியாயமான சட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்த குடும்பம், அந்த அநியாயத்தோடு மல்லுக்கட்டவாவது முடிந்தது.

அதற்கு நேர்மாறாக இன்னொன்று. 1860 நவம்பர் 16-ஆம் தேதி, ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. அதற்குப் பின்னால் எத்தனையோ கப்பல்கள். வெள்ளைக்காரன் பாசத்திலா எழுதினான்? ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினான். பேர், தகப்பன் பேர், வயசு, ஊர், உடம்பில் என்ன தழும்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இன்றைக்கு அந்தப் பேரப்பிள்ளைகள், தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகள்கூட, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் ஊர்களைத் தேடி வருகிறார்கள். பாசமே இல்லாதவன் எழுதியதற்கே இவ்வளவு பலன் இருக்கிறது. பாசம் உள்ள நாம் எழுதினால்?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. ஒரே ஒரு நிமிஷம். அப்பத்தா கதை பாதியில் நிற்கிறது.

நோட்டு வாங்கினேன் என்றேன் அல்லவா? மொய் நோட்டெல்லாம் புரட்டிவிட்டேன். அதில் ஆண்கள் பேர்தான். பத்திரத்திலும் ஆண்கள் பேர்தான். எதிரணித் தம்பி சொன்னதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஏடுகளில் பெண்களுக்கு இடம் விடாமலே எழுதியிருக்கிறோம்.

தை மாசம் ஊர்வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினார்கள். ஒரு பித்தளை அண்டா வந்தது. பச்சைப் பசேலென்று களிம்பு. எங்கள் சித்தி அதைப் புளி போட்டுத் தேய்த்தார். கழுத்துக்குக் கீழே கை பட்டதும், என்னவோ சொரசொரவென்று இருக்கிறதே என்று என்னைக் கூப்பிட்டார். சின்ன உளி வைத்துத் தட்டிய புள்ளிகள். முதலில் ஒரு பிள்ளையார் சுழி. அடுத்து ஓர் இனிஷியல். அப்புறம் நாலே நாலு எழுத்து. கடைசி எழுத்து, பழைய தும்பிக்கை போட்ட 'லை'. வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டோம்.

சீர்வரிசையாக வந்த அண்டா. கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த வீட்டில், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஓர் அப்பன், கடையில் உட்கார்ந்து வெட்டச் சொன்ன பேர். புகுந்த வீட்டுக்கு அந்தப் பேரும் அண்டாவோடுதான் வந்தது. வந்த அன்றைக்கே பரணில் ஏறிவிட்டதோ என்னவோ.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆட்காட்டி விரலை அந்தப் புள்ளிகள் மேல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டினார். முதல் எழுத்து. இரண்டாவது எழுத்து. நாலாவது எழுத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அண்டாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். என் கையில் இருந்த பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் அவரே எழுதினார்.

அந்தப் பேரை இந்த மைக்கில் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால், வருகிற ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில், அண்ணன் தம்பி நாலு பேரும் தண்ணீரில் நின்று அதை முதலில் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் வெளியே சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்டார். எத்தனை வருஷமாகவோ யாரும் கூப்பிடாத பேர். இன்னும் மூன்று மாசம் காத்திருக்கும்.

வணக்கம்.